தொங்கும் என்ஜினுக்குக் கீழே தலை வேண்டாம்!

அம்பாசிடர் காரை அறியாதவர் உண்டா?

கல்யாண வீட்டு வாசலில் மாலை போட்டு நின்ற கார் அது. கலெக்டரும் அதில்தான் வந்தார். பழனி மலைக்குப் போன குடும்பங்களும் அதில்தான் போயின. மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில், 1950-களின் கடைசியில் தொடங்கி 2014-ம் ஆண்டு வரை அது தயாரானது. இன்று புதிய அம்பாசிடர் கிடையாது. ஆனால், "அப்பா வாங்கிய கார், விற்க மனம் வரவில்லை" என்று பழைய வண்டியைக் கண்ணாகக் காப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வண்டி ஒரு நாள் நீலப் புகை கக்கும். என்ஜினுக்குள் "டக் டக்" என்று தட்டும். திண்டுக்கல் பட்டறைக்குக் கொண்டு போனால் மேஸ்திரி காது கொடுத்துக் கேட்பார். பிறகு ஒரே வார்த்தை சொல்வார்:

"என்ஜினை இறக்கணும்!"

பட்டறைப் பேச்சில் அதற்கு "இறக்குவது" என்று பெயர். ஆனால் இறக்குவதற்கு முன் அதை மேலே ஏற்றியாக வேண்டும். அந்த ஏற்றத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

இரண்டு மூட்டை கனம்

பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் வார்ப்பிரும்பால் ஆனது. அதன் எடை 150 கிலோவுக்குக் குறையாது. 75 கிலோ மூட்டைகள் இரண்டைச் சேர்த்துக் கட்டியது போன்ற கனம்! கியர் பாக்சும் சேர்ந்து வந்தால் கனம் இன்னும் கூடும்.

"நாலு பேர் பிடித்தால் தூக்கிவிடலாம்" என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு. நாலு பேரில் ஒருவர் கை வழுக்கினால் போதும். முழுக் கனமும் ஒரு பக்கம் சாயும். என்ஜினுக்கும் காரின் தகட்டுக்கும் நடுவில் விரல் சிக்கினால் விரல் போய்விடும். மூட்டை விழுந்தால் சாக்கு கிழியும். என்ஜின் விழுந்தால் எலும்பு நொறுங்கும்.

கமலை சொல்லும் பாடம்

திண்டுக்கல் சமவெளி கிணற்றுப் பாசன பூமி. பம்பு செட் வருவதற்கு முன்னே அங்கே கமலை கட்டித் தண்ணீர் இறைத்தார்கள். நிறைந்த சாலை மனிதன் கையால் தூக்கவில்லை. மேலே கப்பி இருந்தது. சரிவில் இறங்கி நடந்த மாடுகள் அதை இழுத்தன. கனத்தைக் கருவியிடம் விட வேண்டும் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த பாடம்.

பட்டறையில் அந்த வேலையைச் செய்வது "செயின் பிளாக்" என்ற சங்கிலிக் கப்பி. அதன் உள்ளே பல் சக்கரங்கள் இருக்கின்றன. கைச் சங்கிலியை முழம் முழமாக இழுத்தால் என்ஜின் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். கையை விட்டாலும் உள்ளே இருக்கும் பிரேக் கனத்தைப் பிடித்துக் கொள்ளும். அதனால் ஒரே ஆள் என்ஜினை ஏற்றிவிடலாம்.

ஆனால், அந்தச் செயின் பிளாக்கை எதில் மாட்டுவது? வேப்ப மரக் கிளையில் மாட்டாதீர்கள். கூரை உத்தரத்திலும் மாட்டாதீர்கள். அவை கனம் தாங்குமா என்று யாரும் கணக்குப் பார்த்து வைத்ததில்லை. கனமான இரும்புக் குழாய்களால் ஆன மூன்று கால் முக்காலி வேண்டும். அது சமமான சிமெண்டுத் தரையில் நிற்க வேண்டும். கால்கள் விரிந்து போகாதபடி மூன்றையும் சங்கிலியால் சேர்த்துக் கட்ட வேண்டும்.

எல்லாப் பூட்டையும் திற!

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். அந்தப் பூட்டு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. காருக்குள் இருக்கும் என்ஜினுக்கும் பல பூட்டுகள் உண்டு. ஒன்றைத் திறக்க மறந்து மேலே இழுத்தால் வம்பு!

முதலில் என்ஜின் ஆறட்டும். பாட்டரியில் "எர்த்" கம்பியை முதலில் கழற்றுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றி அதன் வாயை அடையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையிலும் குழியிலும் தங்கும். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது.

அடுத்து ரேடியேட்டர் தண்ணீரையும் ஆயிலையும் வடியுங்கள். பானெட்டையும் ரேடியேட்டரையும் எடுங்கள். சென்னையில் தயாரான பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அம்பாசிடரில் அந்த வசதி இல்லை. அதில் இடம் குறைவு.

ஒவ்வொரு ஒயரிலும் துணிப் பட்டை ஒட்டி எண் போடுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பிறகு சைலன்சர் குழாய், ஆக்சிலேட்டர் கம்பி, என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். கியர் பாக்சைக் காரிலேயே விடுவதானால், அதன் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக் கொடுங்கள்.

சங்கிலியின் கணக்கு

தேங்காய் நார்க் கயிறு வேண்டாம். பழைய சேலைக் கயிறும் வேண்டாம். தாங்கும் எடை குறித்த சங்கிலிதான் வேண்டும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 150 கிலோ என்ஜினை இரண்டு சங்கிலிகளில் தொங்க விடுகிறோம். இரண்டும் நேராகத் தொங்கினால் ஒவ்வொன்றும் 75 கிலோ தாங்கும். இரண்டுக்கும் நடுவே 60 டிகிரி விரிந்தால் ஒவ்வொன்றும் சுமார் 87 கிலோ தாங்க வேண்டும். 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு சங்கிலி மேலும் முழு 150 கிலோ ஏறிவிடும்! சங்கிலி விரிய விரிய பாரம் கூடும். ஆகவே கொக்கி உயரமாக இருக்கட்டும். சங்கிலி குறுகி நிற்கட்டும்.

சங்கிலி, கொக்கி, கப்பி ஆகியவற்றை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி உள்ளவர் சோதிக்க வேண்டும் என்றது 1948-ம் ஆண்டின் பழைய தொழிற்சாலைச் சட்டம். சிறிய பட்டறைக்குச் சட்டம் பொருந்துமா என்று வாதாடலாம். விழுகிற இரும்பு வாதத்தைக் கேட்காது.

ஏற்று, நிறுத்து, பார்!

முதலில் ஒரு விரல் கனம் மட்டும் ஏற்றுங்கள். நிறுத்துங்கள். சுற்றி வந்து பாருங்கள். சங்கிலி நேராக இருக்கிறதா? எங்காவது ஒயர் இழுக்கிறதா? இறுகுவது போல் இருந்தால் பலங்கொண்டு இழுக்காதீர்கள். ஏதோ ஒரு பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் துடிப்பான பையன் ஒருவன் சொல்வான்:

"அண்ணே, கீழே ஒரு போல்ட் மாட்டியிருக்கு. நான் அடியில் போய்க் கழட்டிடுறேன்."

நல்ல மேஸ்திரி சத்தம் போடுவார்:

"டேய் தம்பி, வெளியே வா! முதல்ல என்ஜினை உட்கார வை. அப்புறம் கையை வை."

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. தொங்கும் பாரத்தின் கீழே தலை, கை, கால் எதுவும் போகக் கூடாது. "ஒரு நிமிஷம்தானே" என்று சொன்னாலும் கூடாது.

என்ஜின் காரைத் தாண்டி மேலே வந்ததும், அதை ஊஞ்சல் போல் ஆட்டி நகர்த்தாதீர்கள். காரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். என்ஜினை உடனே தாழ்த்தி உறுதியான இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். சாப்பாட்டு நேரம் வந்தாலும் சரி, இரவானாலும் சரி, அதைத் தொங்க விட்டுப் போகாதீர்கள்.

பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். 14 வயது நிறையாத பிள்ளைகளைப் பட்டறை வேலைக்கு வைப்பதைச் சட்டமே தடுக்கிறது. அடிபட்டவருக்கு உதவி வேண்டுமானால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

தேய்ந்த பிஸ்டனுக்கு வேறு பிஸ்டன் உண்டு. உடைந்த போல்டுக்கு வேறு போல்ட் உண்டு. பட்டறையிலிருந்து வீடு திரும்ப வேண்டிய அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது.