கண்ணாடியின் இயல்பு

கண்ணாடி திண்மப் பொருளா, நீர்மப் பொருளா என்று வினவினால் நம்மில் பலர் நகைப்பர். கல்லெறிந்தால் உடைவது திண்மமன்றி வேறு என்னை என்பர். ஆயினும், இவ்வினா இயற்பியல் அறிஞரை நெடுங்காலமாக மலைக்கச் செய்துவருகின்றது.

நீர் பனிக்கட்டியாகுங்கால் நிகழ்வதை முதற்கண் நோக்குவோம். அதுகாறும் ஒழுங்கின்றி உழன்ற மூலக்கூறுகள் குறித்த ஒரு வெப்பநிலையில் அணிவகுத்து நின்றுவிடுகின்றன. இவ்வாறு அணிவகுத்த பொருளே படிகம். கண்ணாடியோ அங்ஙனம் உறைவதன்று. மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை ஏறத்தாழ 1500 பாகை செண்டிகிரேடு வெப்பத்தில் உருக்கி ஆறவிடுவர். ஆற ஆறப் பாகு தடிக்கும். 550 பாகையளவில் கல்லென இறுகும். உள்ளே அணுக்கள் நிற்கும் நிலையை ஆராயின், உருகிய பாகில் இருந்த ஒழுங்கின்மையே அங்கும் காணப்படும். (பேச்சு வழக்கில் கண்ணாடியையும் பளிங்கு என்பாருளர். பழைய நூல்களிற் பளிங்கு எனப்பட்டது படிகக் கல்லே, இரண்டும் வேறு.)

இவ்வேற்றுமையை அடுக்களையிலேயே காணலாம். சருக்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுப் பல நாள் அசையாது வைத்தால் கற்கண்டு விளையும், அது படிகம். அதே சருக்கரையைப் பாகாகக் காய்ச்சி விரைந்து ஆற்றினால் வழவழப்பான மிட்டாய் கிடைக்கும். அது கண்ணாடி இனம். பொருள் ஒன்றே, அணிவகுக்கக் கிடைத்த காலமே வேறு.

அணுக்கள் ஏன் அணிவகுக்கவில்லை? தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவனை எண்ணிப் பாருங்கள். முன்னிற்பவன் விலகினாலன்றி அவன் அடியெடுத்து வைக்க இயலாது. முன்னிற்பவனோ தனக்கு முன்னிற்பவனை எதிர்நோக்கி நிற்கிறான். ஒருவன் நகர ஒரு குழுவே ஒருங்கு நகர்தல் வேண்டும். குளிரும் பாகில் அணுக்களின் நிலையும் இதுவே. ஓரிடத்தில் அவை நகர்ந்துகொண்டிருக்க, அயலிடத்தில் அசைவற்றுக் கிடப்பதும் உண்டு. மேலும், விரைந்து ஆற்றினால் பாகு சற்று உயர்ந்த வெப்பத்திலேயே இறுகும். மெல்ல ஆற்றினால் தாழ்ந்த வெப்பத்தில் இறுகும். நீர் உறைவதுபோல் இதற்கு மாறாத எல்லை இல்லை.

ஐரோப்பாவின் பழைய தேவாலயச் சாளரக் கண்ணாடிகள் சில அடியில் தடித்திருக்கக் கண்டோர், அவை நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வழிந்தன என்றனர். கேட்கச் சுவையான செய்திதான், ஆனால் பொய். அக்காலத்தார் உருகிய கண்ணாடியைச் சுழற்றித் தட்டாக்கி, அதனை வெட்டிப் பலகை செய்தனர். அதனால் கனம் ஒருபடித்தாக அமையவில்லை. அறை வெப்பத்தில் கண்ணாடி அவ்வாறு வழிய அண்டத்தின் வயதும் போதாது எனப் பிரேசில் நாட்டு அறிஞர் எட்கர் சனோட்டோ 1998இல் கணக்கிட்டுக் காட்டினார்.

திண்மப்பொருட் கொள்கையில் தீராத சிக்கல்களுள் மிக ஆழ்ந்தது கண்ணாடியின் இயல்பே எனலாம் என்று அமெரிக்க அறிஞர் பிலிப் ஆண்டர்சன் 1995இல் எழுதினார். ஒழுங்கற்ற அமைப்புகளைக் கணிதத்தால் ஆராய வழிகண்ட இத்தாலியர் சியார்சியோ பாரிசி 2021இல் நோபெல் பரிசு பெற்றார். எனினும், பாகு இறுகுமிடத்தில் உண்மையான நிலைமாற்றம் ஒன்று மறைந்துள்ளதா, அன்றி இயக்கம் தளர்ந்து தளர்ந்து நின்றதுபோல் தோன்றுகின்றதா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.