வினா இலக்கணமும் சந்தை ஆய்வு வினாநிரலும்

நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என அறுவகைப்படுத்தினார். வினவுவோன் எக்கருத்தோடு வினவுகின்றான் என்பதே இப்பகுப்பின் அடிப்படை. பொருள் வாங்குவோரின் கருத்தறியச் சந்தை ஆய்வாளர் அமைக்கும் வினாநிரலுக்கும் இவ்விலக்கணம் பயன்படும் என்பதை ஈண்டு விளக்க முயல்வோம்.

கடையில் பொருள் கொள்வோன் வினவுவது கொளல் வினா. அவன் கருத்தை அறிய ஆய்வாளன் வினவுவதோ அறியா வினாவாதல் வேண்டும். விடையை முன்னரே மனத்திற்கொண்டு, ‘இச்சோப்பு நன்கு நுரைக்கின்றதன்றோ?’ என அவன் வினவின், அது வினா வடிவில் நின்ற கூற்றே. மறுத்தற்கு நாணிப் பலரும் உடன்படுவர். அவன் பெறுவது பிறர் கருத்தன்று. தன் குரலின் எதிரொலியே.

ஒரு சொல்லின் மாற்றம் விடையை எத்துணை மாற்றும் என்பதற்கு, அமெரிக்க நாட்டில் டொனால்டு ரக் என்பார் 1941-இல் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். குடியாட்சிக்கு எதிரான மேடைப்பேச்சை ‘அனுமதிக்க வேண்டுமா?’ என ஒரு சாராரை வினவியபோது 100-க்கு 62 பேர் வேண்டா என்றனர். ‘தடைசெய்ய வேண்டுமா?’ என மற்றொரு சாராரை வினவியபோது 46 பேரே வேண்டும் என்றனர். அனுமதியாமையும் தடைசெய்தலும் பயனால் ஒன்றே. ஆயினும் ‘தடை’ என்னும் சொல்லின் கடுமை பலரைத் தயங்கச் செய்தது என்று கொள்ளலாம்.

இனித் தமிழில் வினா அமைப்போர் கருதத்தக்கன மூன்று. முதலாவது எண்ணும்மை. ‘இக்காப்பித்தூளின் விலையும் மணமும் நிறைவளிக்கின்றனவா?’ என்பதற்கு ‘இல்லை’ என்னும் விடை வரின், குறை விலையிலோ மணத்திலோ என்று அறிதல் இயலாது. இரு பொருளை இரு வினாவாகப் பிரித்தலே முறை. இரண்டாவது எதிர்மறை. ‘நீங்கள் இதனை மீண்டும் வாங்கவில்லையா?’ என்பதற்குத் தமிழர் ‘ஆம்’ என்றால், ‘வாங்கவில்லை’ என்பதே பெரும்பாலும் கருத்து. ஆங்கிலத்தில் உடன்பாட்டு விடை வாங்கியதையே குறிக்கும். ஆங்கில வினாநிரலை அடியொற்றிப் பெயர்ப்போர் வாங்கினாரையும் வாங்காதாரையும் மாற்றி எண்ணிவிடுதல் கூடும். மூன்றாவது அளவு. ‘அடிக்கடி’ என்பது ஒருவர்க்கு நாள்தோறும். மற்றொருவர்க்கு மாதம் இருமுறை. ‘கடந்த 7 நாள்களில் எத்தனை முறை வாங்கினீர்கள்?’ என எல்லை வகுத்து வினவினாலன்றி விடைகளை ஒப்பிடுதல் இயலாது.

விடையையும் நன்னூலார் எண்வகையாகக் கூறினார். ‘இதனை வாங்குவீர்களா?’ என்பதற்கு, ‘விலை ஏறிவிட்டது’ என்பது உற்றதுரைத்தல். ‘வேறொன்று வாங்குவேன்’ என்பது இனமொழி. ‘ஆம்’, ‘இல்லை’ என இரு கட்டங்களே உள்ள தாளில் இவற்றிற்கு இடமில்லை. ஆதலின், முதற்கண் சிலரிடம் கட்டின்றி வினவி, அவர் கூறிய விடைகளினின்று கட்டங்களை வகுத்துக்கொள்ளுதல் நன்று.

விடை பிழைபடின் விடையிறுத்தோரைக் குறைகூறுதல் எளிது. பல இடங்களில் அது வினாவின் பிழையே ஆகும். தமிழ் பயின்றோர் இத்துறையினின்று ஒதுங்கி நிற்பின், மக்கள் கூறாதவற்றை அவர்தம் கூற்றாகப் பதியும் தாள்களே பெருகும். வினாவின் இயல்பறிந்த நாம் இப்பணியை மேற்கொள்ளுதல் கடன்.