நோட்டீஸை வாங்க மறுத்தால் பணம் போய்விடுமா?

ரங்கே கவுடர் வீதியிலிருந்து வெளியூர்க் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குப் போடும் நம் வணிகர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: “பாக்கிக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். ஆள் கடையில் இருந்துகொண்டே வாங்க மறுத்துவிட்டார். கவர் நமக்கே வந்துவிட்டது.” பலர் அந்தக் கவரைத் தூக்கி எறிந்துவிட்டு, பாக்கியை வராக்கடனில் எழுதிவிடுகிறார்கள்.

இது வீண் நஷ்டம். சரியான விலாசத்துக்குத் தபாலில் முறைப்படி அனுப்பிய நோட்டீஸ், வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. நோட்டீஸே வரவில்லை என்பவர், கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டலாம். கட்டாவிட்டால் அந்தச் சாக்கு எடுபடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் தெளிவாக்கியது. எனவே திரும்பிய கவரைப் பிரிக்காமல், தபால் ரசீதுடன் பத்திரப்படுத்துங்கள். அதுவே சாட்சி.

நம் பணம் உண்மையில் போவது நாள் கணக்கில்தான். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது சேர்ந்தபின் அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்கும் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. வழக்குப் போடத் தாமதமானால் தக்க காரணம் காட்டி கோர்ட்டைக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. “அடுத்த வாரம் தருகிறேன்” என்ற பேச்சை நம்பி 30 நாளை விடுபவர்களே அதிகம். விட்டவர்கள், செக்கின் 3 மாத ஆயுள் முடியவில்லையென்றால் மீண்டும் வங்கியில் போட்டு, திரும்பினால் புதிதாக நோட்டீஸ் விடலாம்.

2025 செப்டம்பர் முதல் பழைய பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. அதில் அனுப்பி, பட்டுவாடா விவரத்தையும் எடுத்து வையுங்கள். வழக்குக்காகத் தாராபுரம், கோபி என்று அலையவும் வேண்டாம். நம் கணக்கில் போட்ட செக்கானால், நம் கணக்குள்ள வங்கிக் கிளையின் எல்லைக் கோர்ட்டிலேயே தொடுக்கலாம். 2015 திருத்தம் இதற்கு வழி செய்துள்ளது.

செக் இல்லாத பில் பாக்கிக்குப் பொதுவாக 3 ஆண்டு கெடு. நோட்டீஸ் விடுவதால் மட்டும் அந்தக் கெடு நீளாது. கெடு முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் நீளும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது பாக்கிதாரர்களிடம் அதை வாங்கிவிடுங்கள்.

முதல் சரக்கு ஏற்றும் நாளிலேயே முழு விலாசத்தைப் பேரேட்டில் எழுதுங்கள். நாளை நோட்டீஸ் போக வேண்டிய இடம் அதுதான்.