இரண்டு அலுவலகங்கள், ஒரு சுரங்க வழி



ஒரு நிறுவனத்துக்கு இரண்டு ஊர்களில் அலுவலகங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் கணக்குகளைத் தொகுத்து வைக்கும் தரவுத்தள சர்வர் ஒன்று உண்டு. ஓரிடத்தில் பதியும் கணக்கு மற்ற இடத்திலும் உடனே தெரிய வேண்டும். இவ்விரு சர்வர்களையும் இணைப்பது எவ்வாறு?

முதல் இடையூறு முகவரியில் இருக்கிறது. 192.168 என்று தொடங்கும் எண்கள் உள்முகவரிகள். எந்த அலுவலகமும் இவற்றைத் தனக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொது இணையத்தில் இவை செல்லுபடியாகா. ‘மூன்றாவது அறை’ என்று மட்டும் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் எங்கே சேர்ப்பார்? மேலும், இரண்டு அலுவலகங்களும் ஒரே எண்வரிசையைக் கொண்டிருந்தால் குழப்பமே மிஞ்சும். ஆகவே ஓரிடத்துக்கு 192.168.1 என்றும், மற்றதற்கு 192.168.2 என்றும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வழி. இதற்கு ‘வி.பி.என்.’ என்னும் முறை உண்டு. அனுப்பும் அலுவலகத்தின் ரௌட்டர் செய்தியை மறைமொழியாக்கி, பொது முகவரி எழுதிய வேறோர் உறையில் இடுகிறது. பெறும் ரௌட்டர் அவ்வுறையைப் பிரித்து, உள்ளிருக்கும் முகவரிக்குச் சேர்க்கிறது. இடைவழியில் எவரும் அதைப் படிக்க இயலாது.

இத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. 2003 ஜனவரியில் ‘ஸ்லாமர்’ என்னும் கணினிப் புழு, தரவுத்தள சர்வர்களைத் தாக்கி உலகெங்கும் பரவியது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸி அணுமின் நிலையத்திலும் அது புகுந்தது. பொது இணைய வாயிலில் காவல் இருந்தது. புழு வந்ததோ, ஓர் ஒப்பந்தக்காரரின் வலையமைப்போடு காவலின்றி இணைத்திருந்த தனி வழியில்! பாதுகாப்பு நிலையைக் காட்டும் கணினி ஏறத்தாழ 5 மணி நேரம் செயலிழந்தது. நல்ல வேளையாக, அணுவுலை அப்போது இயங்கவில்லை. அக்குறையை நீக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளிவந்திருந்தது என்பதும் கருதத்தக்கது.

ஆகவே, சுரங்க வழியின் இரு முனைகளிலும் காவல் தேவை. கணினியில் ஒவ்வொரு பணிக்கும் எண்ணிட்ட வாயில் உண்டு. மை-எஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்துக்கு வழக்கமான வாயில் 3306. குறித்த ஒரு சர்வர், குறித்த ஒரு வாயிலுக்கு மட்டுமே வரலாம் என்று விதித்து, ஏனையவற்றை அடைத்துவிட வேண்டும். திருத்தங்களையும் காலந்தாழ்த்தாமல் இட வேண்டும்.

இரண்டு வீடுகளுக்கு இடையே கதவு வைத்தால், ஒரு வீட்டின் நோய் மறுவீட்டுக்கும் வரும். கதவு வைப்பவர் தாழ்ப்பாளையும் சேர்த்தே வைத்தல் வேண்டும்.