குழலுக்குள் ஒரு கவசம்

மைசூர் ராஜ்யத்தின் பௌஜ்தாராக 1755-இல் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சு நிபுணர்களைத் துணைகொண்டு இங்கே ஓர் ஆயுதச்சாலை நிறுவியதைச் சரித்திர ஆசிரியர்கள் விசேஷமாகக் குறிப்பிடுவார்கள். ஆனால் அக்காலத்துத் துப்பாக்கிக்கு வேண்டியிருந்ததெல்லாம் வெடித்துச் சிதறாமல் தாங்கும் இரும்பேயன்றி, குழலின் உட்புறத்துக்கென்று தனிச் சிகிச்சை எதுவும் அன்று தேவைப்படவில்லை. கரிமருந்தின் உஷ்ணம் குறைவு. ஈயக் குண்டும் மிருதுவானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நைட்ரோகிளிசரின் கலந்த கார்டைட் என்னும் புகையில்லா மருந்து வந்தபின் நிலைமை மாறிற்று. மெட்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் குழலின் உட்சுவரில் வெகு நுட்பமாக வகுத்திருந்த ஆழங்குறைந்த புரிகள் அந்த அக்கினியின் முன் சீக்கிரமே தேய்ந்துபோகவே, 1895-இல் ஆழமான ஐந்து புரிகள் கொண்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைப் பிரிட்டிஷ் சேனை ஏற்றுக்கொண்டது. நம் போலீஸார் நெடுங்காலம் தோளில் சுமந்த 303 அந்த வமிசத்ததே. அதன் குழலுக்கு உஷ்ணத்தைத் தவிர இன்னொரு சத்துருவும் இருந்தது. தோட்டாவின் அடியில் தீமூட்டும் மருந்திலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின் உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவைக் கிளப்பிவிடும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும் என்பதனால், சுட்டு முடித்தவுடன் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவுவது சிப்பாய்க்கு நித்திய கர்மமாயிற்று. எங்கள் திண்டுக்கல் சீமையின் வறண்ட காற்றில் இரும்பு ஓரளவு பிழைத்துக்கிடக்கும். கடற்கரையிலும் மழைக்காட்டிலும் அந்தச் சலுகை கிடையாது.

இக்காலத்துக் குழல்கள் பெரும்பாலும் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகினால் ஆனவை. உரம் மிக்கவை, எனினும் துருப்பிடிக்கும். பந்தயத்துக்குச் சுடுவோர் விரும்பும் குழலோ, நம் அடுக்களை எவர்சில்வரின் தாயாதியான துருவேறா எஃகு; உள்ளே சீராகக் கடையலாம், குறி தப்பாது, விலைதான் அதிகம்.

யுத்தகளத்துக்கு வேறொரு யுக்தி செய்தார்கள். எஃகு ஏறக்குறைய 1,500 பாகையில் உருகும், குரோமியம் 1,900 பாகை வரை தாங்கும் என்பதனால், குழலைச் சற்று அகலமாகக் கடைந்து, மின்சார முலாமாகக் குரோமியத்தை உள்ளே மெல்லிய தோலாகப் படியவிடுகிறார்கள். அதன் கனம் தலைமயிரின் பருமன்கூட இராது. ஜப்பானியர் 1939-இல் ஏற்ற அரிசாகா துப்பாக்கியிலும், பின்னர் ரஷ்யரின் ஏ.கே. துப்பாக்கியிலும் இது இருந்தது. முலாமில்லாமல் வியட்நாமின் ஈரத்துக்குத் தங்கள் எம்-16 துப்பாக்கியை அனுப்பிய அமெரிக்கர், தோட்டா அமரும் அறை துருவேறி, சுட்ட வெற்றுக் கூடு வெளிவராமல் சிக்கிச் சிப்பாய்கள் மாண்டபின்தான் கண் திறந்தார்கள். முலாமை விட்டுவிட்டதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈஷாப்பூரிலும், 1966-இல் தொடங்கப்பெற்ற திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் உருவான நம் நாட்டு இன்சாஸ் துப்பாக்கியின் குழலுக்கு இம்முலாம் உண்டு.

முலாமும் நிர்த்தோஷமானதன்று. அதில் நுண்ணிய வெடிப்புகள் இயல்பாகவே உண்டு. அவற்றின் வழியே அனல் புகுந்து அடியிலுள்ள எஃகை அரித்தால் மேற்பூச்சு உரிந்துவிடும். கனம் எங்கும் ஒன்றாய்ப் படியாவிடில் குறியும் சிறிது பிசகும். நைட்ரஜனைப் புகட்டி எஃகின் மேல்தோலையே கடினமாக்கும் முறையில் கனம் ஏறாததால் அந்தத் தொல்லை இல்லை. ஓயாமல் சுடும் இயந்திரத் துப்பாக்கி சிலவற்றிலோ முலாம் ஒன்றை மட்டும் நம்பாமல், கோபால்ட் கலந்த ஸ்டெல்லைட் என்னும் உலோகத்தாலான உட்குழாயையே குழலின் தொடக்கத்தில் செருகுகிறார்கள்; தோட்டாவின் அறையை அடுத்த அந்தச் சில அங்குலங்களில்தான் சூடு உக்கிரமாயிருக்கும், தேய்மானமும் அங்கேதான் தொடங்கும். ஆயுதக் கிடங்கில் குழலைச் சோதிப்பவரும் முதலில் அந்த இடத்தில்தான் அளவுக்கம்பியை விட்டுப் பார்க்கிறார். குறித்த எல்லையைத் தாண்டி அது உள்ளே இறங்கிவிட்டால் குழலைக் கழித்துவிடுகிறார்.