உயிரணு வளர்சிதை மாற்றமும் முதுமையும்

உணவிலிருந்து ஆற்றலைப் பெறவும் தன்னைப் பழுதுபார்க்கவும் உயிரணு நிகழ்த்தும் வேதிவினைகளின் தொகுப்பு வளர்சிதை மாற்றம் எனப்படும். இதில் ஏற்படும் கோளாறு முதுமையை விரைவுபடுத்தும் காரணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

செயல்முறை

இழைமணிகள் (மைட்டோகாண்ட்ரியா) ஆற்றலை உருவாக்கும்போது, வினைத்திறன் மிக்க ஆக்சிசன் மூலக்கூறுகளும் சிறிதளவு உண்டாகின்றன. எதிர் ஆக்சிசனேற்றிகள் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. இரத்தச் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் இச்சமநிலை குலைந்து டி.என்.ஏ., புரதம், கொழுப்பு ஆகியவை சேதமடைகின்றன. நிறப்புரிகளின் (குரோமோசோம்) முனைகளைக் காக்கும் டெலோமியர்களும் விரைவாகத் தேய்கின்றன. அவை மிகவும் குறுகினால் உயிரணு பிரிவதை நிறுத்திவிடும். அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கும். இத்தகைய உயிரணுக்கள் உடலில் பெருகுவது இதயநோய், சிறுநீரக நோய் முதலியவற்றுடன் தொடர்புடையது.

சென்னையில் ஆய்வு

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2005-இல் இதுபற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் டெலோமியர்கள், ஒத்த வயதுடைய, நீரிழிவு இல்லாதவர்களுடையவற்றைவிடக் குட்டையாக இருந்தன. ஆக்சிசனேற்ற அழுத்தமும் அவர்களிடம் மிகுந்து காணப்பட்டது. இவ்வகை ஒப்பீடு தொடர்பைக் காட்டுமே தவிர, எது காரணம், எது விளைவு என்பதை நிறுவாது.

தடுப்பு

முறையான உடற்பயிற்சி, தசைகளில் புதிய இழைமணிகள் உருவாகத் தூண்டுகிறது. இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறனையும் கூட்டுகிறது. எனவே இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது உயிரணுக்களின் நலத்தையும் காப்பதாகும்.