கஜாவும் கோடியக்கரை மான்களும்

நாகை மாவட்டம் கோடியக்கரையில் வெளிமான்களைக் காக்க 1967-இல் அமைந்தது வனவிலங்குச் சரணாலயம். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பொங்கிய கடல், தாழ்வான காட்டுக்குள் புகுந்தது. வெளிமான்களையும் புள்ளிமான்களையும் வாரிச் சென்றது. சில உடல்கள் காரைக்கால் கடற்கரையில் ஒதுங்கின. சாய்ந்த மரங்களோடு பறவைகளும் மடிந்தன.

புயலின் கேடு அன்றோடு முடிவதில்லை. குட்டைகளில் உப்புநீர் கலந்தால், பிழைத்த விலங்குகளுக்குத் தாகம் தீராது. புல் கருகினால் மேய்ச்சலும் இருக்காது. கடல் ஏறும்போது மான்கள் ஒதுங்க மேட்டு மணல்திட்டுகளே கதி. அந்தத் திட்டுகளையும் நன்னீர்க் குட்டைகளையும் அடுத்த புயலுக்கு முன்பே காப்பது நம் கடமை.